பிறை இல்லாத ரைபிள்

பல் டாக்டர் வாய்க்கண்ணாடியைத் துடைத்து, தன் ஏர் ரைபிளின் பின்முனையில் நாலாவது தடவையாக வைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கடுகளவு சொத்தையைக்கூட அந்தக் கண்ணாடி காட்டிக் கொடுத்துவிடும். பிறையை மட்டும் காட்டவில்லை. இருந்தால்தானே காட்டுவதற்கு?

"இல்ல," என்றார்.

"என்ன இல்ல?" என்று முன்னறையிலிருந்து அவர் மனைவி கேட்டாள். அந்தக் கிளினிக்கில் வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பது, அழுகிற குழந்தைகளைச் சமாளிப்பது, டாக்டரைச் சமாளிப்பது எல்லாமே அவள்தான்.

"பிறை இல்ல."

"இங்க ஒருத்தருக்கு மேல்வரிசையே இல்ல. அரை மணி நேரமா உக்காந்திருக்காரு. முதல்ல அதைப் பாருங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டே ரைபிளைச் சுவர் அலமாரியில் படுக்க வைத்தார்.

அந்த ரைபிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவருடைய துக்கம் யாருக்கும் புரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பழைய சிகிச்சை நாற்காலி ஒன்றைப் பார்க்கப் போன கிடங்கில், சாக்குச் சுற்றிய நிலையில் அது அவர் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழலும் சிலிண்டரும் அந்தக் காலத்துப் பூச்சுக்கே உரிய ஆழ்ந்த கருநீலத்தில் இருந்தன. மரக்கட்டையில் ஒரு கீறல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருகுகள். ஒரு திருகின் தலையிலும் திருப்புளி பட்ட தடமே இல்லை. பழைய ஏர் ரைபிள் என்றால் எவனாவது ஒருவன் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையோ தோல் வாஷரையோ மாற்றி, கைக்கு அகப்பட்ட திருகைப் போட்டு மூடியிருப்பான். இதை ஆலையில் மூடியவனுக்குப் பிறகு யாருமே திறக்கவில்லை.

குறி பார்ப்பதற்காகக் குழலின் மேல் இருக்கும் பின்குறியைப் பிடித்து நிறுத்தும் ஒரே ஒரு சின்னத் திருகு மட்டும் எங்கோ கழன்று தொலைந்திருந்தது. அதே வருஷத்து, அதே ஆலைத் திருகுக்காக டாக்டர் ஆறு வருஷம் அலையாத இடம் இல்லை. அது கிடைத்த அன்று அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட மூன்று பேருக்கும் வலித்ததே தெரியவில்லையாம். அவ்வளவு சந்தோஷமான கை.

அதற்குப் பிறகு அந்த ரைபிள் முழுமை. ஒரு தடவைகூட அவர் அதை வைத்துச் சுட்டதில்லை. தினமும் காலையில் பத்து நிமிஷம் எதிரில் வைத்துக்கொண்டு பார்ப்பார். முகம் தெரியாத ஒரு தொழிலாளி அறுபது வருஷத்துக்கு முன்னால் முறுக்கிய முறுக்கு இன்னும் அப்படியே இருக்கிறதே என்று நினைக்கும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும். மனைவி எதிரில் வந்து நின்றாலும் தெரியாது.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்து விழுந்தது. பழைய ஏர் ரைபிள் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் அனுப்பியிருந்தார். தலைவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். எதையும் மூன்று தடவை அளக்காமல் நம்ப மாட்டார். ஊரில் உள்ள உறுப்பினர்களின் ரைபிள்கள் சிலவற்றில், சிலிண்டரின் பின்முனையில், நகக்கண் அளவுக்கு ஒரு பிறை பதிந்திருப்பதைத் தான் கண்டுபிடித்திருப்பதாக அவர் எழுதியிருந்தார். 'ஆலையின் தலைமைப் பரிசோதகர், தமக்குத் திருப்தியான ரைபிள்களுக்கு மட்டும் இட்ட இரகசிய முத்திரையாக இது இருக்கலாம்.' அதோடு விட்டாரா? முழுக்க அசலான ரைபிள்களுக்காகச் சங்கம் திறக்கப்போகும் மூலப் பதிவேட்டில் பிறை உள்ளவற்றுக்கே முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்தப் பதிவேட்டின் முதல் எண் தனக்குத்தான் என்று டாக்டர் மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்த மேல்வரிசைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். கூட வந்த மகள் சொன்னாள்: "எங்கப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு டாக்டர். மேல் பல்லு எல்லாத்தையும் எடுத்தப்புறம் வாயே திறக்கறதில்ல. புதுப் பல்லு கட்டினாத்தான் பேசுவேன்னு பிடிவாதம். வீட்டுலயும் சைகைதான்."

"ரொம்ப நல்லது," என்றார் டாக்டர். மறுபேச்சுப் பேசாமல் கேட்கிற ஆள் ஒருவர் கிடைப்பது அவருக்கு அபூர்வம்.

அச்செடுக்கும் மாவைப் பெரியவரின் வாய்க்குள் அழுத்தி வைத்துவிட்டு, அவர் பிறையின் கதையை ஆரம்பித்தார். பெரியவரின் புருவம் மேலே போயிற்று.

"ம்ம்?" என்றார்.

"மூக்கால மூச்சு விடுங்க. எனக்கும் கேட்டப்ப இப்படித்தான் மூச்சு முட்டிச்சு."

மாவு இறுகியதும் டாக்டர் அச்சை வெளியே எடுத்தார். ஈறின் ஒவ்வொரு மடிப்பும் அதில் துல்லியமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தன் ரைபிளில் பிறை தேய்ந்து போயிருந்தால்? மற்ற பிறைகளை அச்செடுத்து, தன்னுடையதன் பின்முனையையும் அச்செடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

"ஐயா, நீங்க தெய்வம்," என்று பெரியவரின் தோளைத் தட்டிவிட்டு, தலைவருக்கு ஃபோன் போட ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக் கூடத்தில் சங்கம் கூடியது. பதினோரு பிறை ரைபிள்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பதினோரு அச்சுகளையும் டாக்டர் வெள்ளைச் சாந்தில் வார்த்து, கறுப்புத் துணியின் மேல் அடுக்கியிருந்தார். பன்னிரண்டாவதாக, தன் ரைபிளின் பின்முனை அச்சையும் ஓரமாக வைத்திருந்தார்.

உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு தலைவர் குனிந்தார். முதல் அச்சைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஆறாவதுக்கு வந்தவர் மறுபடி முதலாவதுக்கே போய், பதினொன்றையும் பார்த்து முடித்தார்.

"எல்லாம் ஒண்ணு," என்றார். "ஒரே பிறை. ஒரே ஆழம். இந்தக் கீழ் முனையில ஒரு சின்னப் பிசிறு இருக்கு பாருங்க, அதுகூட பதினொண்ணுலயும் இருக்கு!"

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மனிதன். ஒரே கருவி. வருஷக்கணக்காக ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நிதானத்தில் அதைப் பதித்திருக்கிறான். பெயரும் தெரியாத அந்த மனிதனின் கை தன் முன்னால் பதினோரு தடவை வந்து நிற்பதுபோல இருந்தது டாக்டருக்கு.

"சாய்வைப் பார்த்தா இடது கைக்காரர்னு தோணுது," என்றார் தலைவர் மெதுவாக.

"கோபக்காரர் இல்ல. கோபக்காரன் கைன்னா ஆழம் மாறியிருக்கும்," என்றார் டாக்டர்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்க மாட்டார்," என்றார் இன்னொரு உறுப்பினரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது உண்மை என்றே பட்டது.

தலைவர் கடைசியில் ஓரத்து அச்சுக்கு வந்தார். மூன்று தடவை பார்த்தார்.

"டாக்டர், உங்களோடதுல ஒண்ணும் இல்லையே."

"தேய்ஞ்சு போயிருக்குமோன்னு..."

"பூச்சே போகல, பிறை எப்படித் தேயும்?" தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சந்தேகத்துல இருந்தேன், முன்னுரிமைன்னு மட்டும் எழுதினேன். இப்ப டாக்டரே விஞ்ஞான பூர்வமா நிரூபிச்சுட்டார். இனி பிறை இருந்தாத்தான் பதிவேடு. இல்லாதது பரிசோதகர் கண்ணுல தேறாதது."

எல்லாரும் கை தட்டினார்கள். தன் குழியைத் தானே தோண்டி, சாந்து பூசி, மெருகும் ஏற்றிவிட்டதை நினைத்துக்கொண்டே டாக்டரும் கை தட்டினார்.

செவ்வாய்க்கிழமை மேல்வரிசைக்காரர் மறுபடி வந்தார். டாக்டர் அவர் வாயில் மெழுகுக் கட்டையை வைத்து, "கடிச்சுப் பிடிங்க, அஞ்சு நிமிஷம் விடக்கூடாது," என்றார். பிறகு மனசு கேட்காமல் வெள்ளை அச்சு ஒன்றைக் கொண்டு வந்து அவர் கண்ணெதிரே பிடித்தார்.

"பாருங்கய்யா. அந்தப் பரிசோதகரோட முத்திரை. அப்படி ஒரு மனுஷன் இனி பொறப்பானா?"

பெரியவர் அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டை விரலால் தடவினார். கீழ் முனையின் பிசிறைத் தடவியபோது அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

டாக்டருக்கும் கண் கலங்கிவிட்டது. "புரியுதுங்கய்யா. உங்க நெஞ்சையே தொட்டுடுச்சு. எனக்கும் அப்படித்தான்."

பெரியவர் இல்லை என்பதுபோல வேகமாகத் தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க, கடி மாறிடும்."

பெரியவரைப் போன்ற ஒரு மூன்றாம் மனிதரே இப்படி உருகுகிறார் என்றால், தன்னிடம் பிறை இல்லாமல் எப்படி இருப்பது? அன்றே டாக்டர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரிடம் ஒரு பிறை ரைபிள் இருந்தது. கட்டையில் விரிசல், பூச்சு பாதி போய்விட்டது, திருகுகளில் இரண்டு வேறு எதிலிருந்தோ வந்தவை. ஆனால் பிறை என்னவோ முழுசாக இருந்தது.

"சிலிண்டரை மட்டும் மாத்திக்கலாம்," என்றார் டாக்டர். "உங்க சிலிண்டர் எனக்கு, என்னுது உங்களுக்கு."

"தாராளமா. திறங்க."

டாக்டர் திருப்புளியை எடுத்தார். தன் ரைபிளின் முதல் திருகின் தலையில் வைத்தார். ஆயிரக்கணக்கான பல்லைப் பிடுங்கிய கை. இப்போது திருப்ப மறுத்தது. அறுபது வருஷமாக யாரும் தொடாத முறுக்கு. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்புளியைக் கீழே வைத்தார்.

"என்னால முடியாது. முழுசாவே மாத்திக்கலாம்."

"முழுசாவா?" கடைக்காரர் பளபளவென்று இருந்த டாக்டருடையதைப் பார்த்தார், விரிசல் விட்ட தன்னுடையதைப் பார்த்தார். "உங்க இஷ்டம். என்கிட்ட வந்தப்புறம் நான் என்ன பண்ணினாலும் கேக்கக் கூடாது."

"அது தேறாததுதானே," என்றார் டாக்டர்.

தான் ஆறு வருஷம் தேடிப் போட்ட அந்தச் சின்னத் திருகை மட்டும், பின்குறியோடு சேர்த்துக் கழற்றி எடுத்துக்கொண்டார். அது அவர் போட்டது, அவர் கழற்றலாம்.

மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் சீட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"பத்தொன்பது வருஷம் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டதை, ஒரு பிறை இல்லேன்னு தூக்கிக் கொடுத்துட்டீங்க. நாளைக்கு உங்க சங்கத்துல பெண்டாட்டிக்கும் ஏதாவது முத்திரை வேணும்னு தீர்மானம் போட்டா என் கதி என்னங்க?"

"உனக்குப் புரியாது. அந்தக் கை பட்டிருக்கு இதுல."

"என் கை பட்டு எத்தனை சாமான் இருக்கு இந்த வீட்டுல. ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கீங்களா?"

டாக்டர் ரைபிளோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விரிசலைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மரப்பசை இல்லாததால் பல் அடைக்கும் சிமென்ட்டைக் குழைத்து அதில் அடைத்தார். அது வெள்ளைவெளேரென்று காய்ந்தது. பல்லுக்கு ஏற்றும் நிறங்களில் இருப்பதிலேயே கறுத்ததைப் பூசினார். கட்டைக்குப் புகையிலைக் கறை பிடித்த மாதிரி ஆயிற்று. அதைச் சுரண்டப் போனபோது விரிசல் இன்னும் ஒரு விரல் நீளம் ஓடியது.

பதிவேட்டு நாளன்று தலைவர் அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

"என்ன இது? கட்டைக்குப் பல் அடைச்சிருக்கீங்களா?"

தலைவர் திருகுகளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பூச்சைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு பின்முனைக்கு வந்தார். உருப்பெருக்கியை வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இருக்கு. பிசிறோட இருக்கு. பரிசோதகரே சரின்னு சொன்னப்புறம் குத்தம் சொல்ல நாம யாரு?"

ஆராய்ச்சியைச் செய்தவர் என்பதால் முதல் எண் டாக்டருக்கே என்று தீர்மானமாயிற்று. தடித்த பதிவேட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியில், அவருடைய ரைபிள் ஏறியது. பரிசோதகருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். டாக்டர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிறைவாக நின்றதில்லை. பரிசோதகரின் முகத்தைக் கற்பனையில் வரைந்து கூடத்தில் மாட்டுவது என்றும், மீசை வைப்பதா வேண்டாமா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது என்றும் பேசிக் கலைந்தார்கள்.

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடை வழியாகப் போனபோது டாக்டர் ஸ்கூட்டரைச் சட்டென்று நிறுத்தினார். கடையின் பெயர்ப் பலகைக்கு மேல் ஒரு ரைபிள் நின்றது. உச்சி முதல் அடி வரை வெள்ளிப் பெயிண்ட். சிலிண்டரில் இரண்டு இடத்தில் துளை போட்டுச் சுவரோடு முடுக்கியிருந்தார்கள். குழலின் மேல் பெரிய மூக்குக்கண்ணாடி ஒன்று ஒட்டியிருந்தது. 'குறி தப்பாத பார்வைக்கு' என்று கீழே எழுதியிருந்தது.

"எப்படி இருக்கு டாக்டர்?" கடைக்காரர் உள்ளிருந்து சிரித்தார். "நேத்துலேர்ந்து கடைக்குள்ள கூட்டம் தாங்கல!"

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்கும் வரை டாக்டர் அங்கேயே நின்றார். பிறகு, பிறை இல்லாதது, தேறாதது என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டு கிளம்பினார். கிளினிக் வந்து சேரும் வரை அது போதுமானதாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேல்வரிசைக்காரரின் பல்வரிசை தயாராகியிருந்தது. டாக்டர் அதை அவர் ஈறில் பொருத்தி, அழுத்தி, இங்கே அங்கே ராவி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பெரியவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, பத்து வயது குறைந்தவர்போலச் சிரித்தார்.

"எங்க, ஏதாவது பேசிக் காட்டுங்க."

பெரியவர் பேசவில்லை. எழுந்து போய், அலமாரியில் இருந்த அந்த முதல் எண் ரைபிளை எடுத்தார். ஒரே அசைவில் அதைத் திருப்பி, கண்ணால் பார்க்காமலே கட்டை விரலைக் கொண்டு போய்ப் பிறையின் மேல் வைத்தார்.

"இது நான் போட்டது, டாக்டர்."

டாக்டரின் கையிலிருந்த வாய்க்கண்ணாடி தரையில் விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"இந்தப் பிறை. நான் போட்டது. அன்னைக்கே நெஞ்சைத் தொட்டுச் சொன்னேனே."

டாக்டர் பெரியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏய், இங்க வா! சீக்கிரம் வா! யாரு வந்திருக்காருன்னு பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். ஃபோனை எடுத்துத் தலைவரை அழைத்தார். அழுகையும் சிரிப்புமாக அவர் சொன்னதைத் தலைவர் புரிந்துகொள்ளவே ஒரு நிமிஷம் பிடித்தது.

"உயிரோட இருக்காரா?" என்று ஃபோனில் தலைவரின் குரல் உடைந்தது. "அங்கேயே உக்கார வைங்க! எங்கயும் விட்டுடாதீங்க! நான் செருப்பைக்கூடப் போடாம வரேன்!"

டாக்டர் பெரியவரைச் சிகிச்சை நாற்காலியிலேயே மறுபடி உட்கார வைத்து, எதிரில் கை கட்டி நின்றார். மனைவியும் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் வந்து மரியாதையாக நின்றாள்.

"பதினோரு ரைபிள்லயும் நீங்கதானாய்யா?"

"பதினொண்ணா? இந்த ஊர்ல முன்னூறுக்குக் குறையாது."

"முன்னூறு!" டாக்டர் கை கூப்பினார். "ஐயா, உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க, கேட்டுக்கறோம். உங்க கண்ணுக்குத் தேறினதுக்கு மட்டும்தானே அந்த முத்திரையைப் போட்டீங்க?"

"தேறினது எதுக்கு டாக்டர் என் ரிப்பேர் பட்டறைக்கு வருது? உள்ள இருந்த ஸ்பிரிங், வாஷர் எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு கையில கிடைச்சதைப் போட்டு மூடினேன். கழட்டறப்போ ரைபிள் நழுவாம கடிச்சுப் பிடிக்கிற என் இரும்பு வைஸுக்கு ஒரு பல்லு பாதி உடைஞ்சிருந்தது, அது கடிச்ச தடம் இது!"